எலக்ட்ரான் மிஷினும் ஏழாவது மாடியும்

மட்டாஞ்சேரியில் ஓய்வு பெற்ற மனிதருக்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. அரண்மனைக் கோயிலில் காலைத் தீபாராதனை வரைக்கும் நிற்கலாம். படகுத்துறையில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசி வரி விடாமல் படிக்கலாம். இன்றைக்கு இஞ்சி என்ன விலை, ஏலம் என்ன விலை என்று, வாங்கவும் விற்கவும் போகாத சரக்கைப் பற்றி மத்தியானம் வரைக்கும் தர்க்கம் செய்யலாம். சங்கர்ராம் இதில் எதையும் செய்யவில்லை. அவர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வாங்கினார்.

ஏலூரில் ஒரு பெரிய கம்பெனியின் இன்ஸ்ட்ரூமெண்ட் செக்‌ஷனில் காலமெல்லாம் அழுத்தமானிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர் அவர். வந்த சில மாதங்களில், மூடிப்போன ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தின் சாமான்களை பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் வியாபாரி சேவியர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு எஃகுத் தூண் நிற்பதைத் தோப்பும்படி சிக்னலில் பார்த்துவிட்டார். பார்த்த பார்வையிலேயே ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஸ்கூட்டரைத் திருப்பி லாரியின் பின்னாலேயே போனார். சாயங்காலம் அதே லாரி அவர் வீட்டு வாசலில் நின்றது.

அவர் மனைவி ஸ்வர்ணலதா அன்றைக்கு வாசலில் நின்று கேட்ட கேள்வி, இது எதை அரைக்கும் என்பது. எதையும் அரைக்காது, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் என்றார் சங்கர்ராம். கண்ணுக்குத் தெரிகிறதையே இந்த வீட்டில் யாரும் பார்க்கிறதில்லை என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அது நடந்து ஐப்பசி மழையான துலாவர்ஷம் மூன்று போய்விட்டது. வீட்டின் கீழ்க்கட்டு ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கிய கோடவுன். சுவரில் இன்னும் அந்தக் காரம் இருக்கிறது. மழைக்காலத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் தும்மல் வரும். மிஷின் அங்கேதான் குடியேறியது. சங்கர்ராம் அதைத் திருகு திருகாகக் கழற்றினார். செத்துப்போன போர்டுகளுக்குப் பதில் எர்ணாகுளம் பள்ளிமுக்கில் கடை கடையாக ஏறி இறங்கிப் புதுசு கட்டினார். ரப்பர் வளையங்களுக்குப் படகு எஞ்சின் ஸ்பேர் கடைக்குப் போனார். பம்பைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீருக்கு ஐஸ் வேண்டும். ஆகையால் மீன் துறைமுகத்து ஐஸ் கட்டி சாக்கில் சுற்றி வீட்டுக்குள் வந்தது. மத்தி வாடையோடு வந்த ஐஸின் மேல் ஸ்வர்ணலதா ஒரு துளசியிலையால் தண்ணீர் தெளித்தாள். அதற்கு மேல் அவளுக்குச் செய்யத் தெரியவில்லை.

படம் மட்டும் வரவில்லை. இது வெளிச்சத்தை வைத்துப் பார்க்கிற மைக்ராஸ்கோப் இல்லை. தூணின் உச்சியில் முடி அளவு கம்பி ஒன்று பழுக்கும். அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பி, தூணின் அடியில் அரிசிப் பானை அளவில் இருக்கும் எஃகு அறைக்குள், பார்க்க வேண்டிய பொருளின் மேல் விழும். நடுவழியில் காற்று இருந்தால் எல்லாம் சிதறிப்போகும். அதனால் உள்ளே இருக்கிற காற்று முழுக்கப் போக வேண்டும். சங்கர்ராமின் மூன்று வருஷமும் இந்தக் காற்றை வெளியே தள்ளுவதில்தான் கழிந்தது. ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறந்தது.

இந்த வருஷம் ஓணம் கழிந்ததும் வீட்டு உடமைக்காரர் வந்து சாயா குடித்துவிட்டு, சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் நடக்கிற தெரு. கீழே காபிக்கடை, மேலே தங்குகிற அறைகள் என்று மகன் திட்டம் போட்டுவிட்டான். நவராத்திரி கழிந்து அந்த மாசக் கடைசிக்குள் ஒழித்துக் கொடுத்தால் உபகாரம்.

வீட்டில் இரண்டு கட்சி உண்டானது. மகள் ஸுப்ரியா காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவள் குடியிருக்கும் கட்டிடத்திலேயே ஏழாவது மாடியில் ஒரு ஃபிளாட் காலி. ஸ்வர்ணலதா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்த நாள் முதல் அவள் பேச்சில் அந்த ஃபிளாட்டின் காற்று வீசிக்கொண்டே இருந்தது. கடல் பொங்குகிற வேலியேற்றத்தில் பக்கத்துத் தோட்டுக் கால்வாயின் தண்ணீர் வாசல் நடை வரைக்கும் ஏறி வருகிற இந்த வீட்டில், குத்துவிளக்கை ஸ்டூல் மேல் ஏற்றி வைத்தே அவளுக்கு வயசாகிவிட்டது. ஆனால் மிஷின் அங்கே போக முடியாது. அதன் கனத்துக்கு லிஃப்ட் தாங்காது. தூக்கிக்கொண்டு போனாலும், லிஃப்ட் ஏறி இறங்குகிற அதிர்வே போதும், படம் கலங்கிவிடும். இன்னொரு கட்சி இடக்கொச்சி. அங்கே ஸ்வர்ணலதாவின் தம்பி வெங்கிட்டுவின் தரைத்தள வீடு இருந்தது, பின்னால் சிமெண்டுத் தளம் போட்ட ஒரு ஷெட்டோடு. முன்பு அதில் கொஞ்சு, அதாவது இறால், உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்தவர்கள் போய்விட்டார்கள், வாடை போகவில்லை.

சண்டை போடுகிற குடும்பம் இல்லை அது. ஸுப்ரியா வழி சொன்னாள்: விஜயதசமிக்குள் மிஷினில் ஒரு படம் வந்தால் இடக்கொச்சி. வராவிட்டால் ஃபிளாட், மிஷினை சேவியர் வந்து இரும்பாக எடுத்துக்கொள்வார். அப்பாவும் ஒத்துக்கொண்டார், அம்மாவும் ஒத்துக்கொண்டாள். இப்போது ஸ்வர்ணலதாவுக்குத் தன் ஃபிளாட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஆனால் சும்மா இருக்கிறதுதான் அவளுக்கு வராது.

துர்காஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. புஸ்தகம், மிக்ஸி, ஸ்கூட்டர், அரிவாள்மணை, காஸ் அடுப்பு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு மங்கலமாக நின்றன. சங்கர்ராம் அன்றைக்குக் காலையிலிருந்து கையுறை போட்டுக்கொண்டு மிஷினின் எஃகு அறையை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து, கடைசி ஓட்டையும் அடைபட்டது என்று ஆனந்தத்தில் இருந்தார். பார்க்க வேண்டிய பொருளையும் உள்ளே வைத்தாகிவிட்டது. இனி விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும் ஸ்விட்ச் போட வேண்டியதுதான். மிஷினைத் தொடாதே, விரல் ரேகையின் எண்ணெயே அதற்கு விஷம், வேண்டுமானால் கீழே மேஜைக் காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஸ்வர்ணலதா மேஜைக் காலில் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது மனசு ஒப்பவில்லை. மூன்று வருஷமாக இந்த மனிதர் ராப்பகல் உபாசனை பண்ணுகிற சாமானுக்குக் காலில் ஒரு பொட்டா? சன்னிதி உள்ளே இருக்க, வாசற்படியில் பூவைப் போட்டுவிட்டு வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை. இது ஜெயித்தால் தன் ஃபிளாட் போய்விடும் என்பது அந்த நிமிஷம் அவள் நினைவிலேயே இல்லை. வளையல் தட்டுமே என்று கழற்றி வைத்தாள். எஃகு அறையின் கதவை மெல்ல இழுத்தாள். அவருடைய கண்ணுக்குப் படாதபடி, கையை வளைத்து அறையின் பின்சுவரில் நல்ல கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, அதன் மேல் ஒரு துளசியிலையையும் ஒட்டினாள். சரஸ்வதி, இதுக்கும் ஒரு வழி காட்டு என்று வேண்டிக்கொண்டு கதவைத் தள்ளி மூடினாள். சங்கர்ராம் விபூதிப் பட்டையோடு வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. மறுநாள் நவமி, யாரும் எதையும் தொடக்கூடாத நாள்.

விஜயதசமி காலையில் ஸுப்ரியா வந்தாள். மலர்ப்பொரியும் அவலும் சர்க்கரையும் நைவேத்தியம் பண்ணி, தட்டில் பரப்பிய அரிசியில் மூன்று பேரும் ஹரிஸ்ரீ எழுதி எழுந்ததும் சங்கர்ராம் நேரே கீழ்க்கட்டுக்குப் போய் பம்பை ஓட விட்டார். அதன் கடகடப்பில் ஷெல்ஃபில் இருந்த திருகுகள் எல்லாம் ஆடின. அழுத்தமானியின் முள் மளமளவென்று இறங்கியது. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, பிறகு ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் முதலில் சிரித்தார். பிறகு ஐஸ் போட்டார். கதவு வளையத்தைத் துடைத்து மறுபடி மூடினார். ஊசிபோட்ட ஒரு குப்பியில் ஸ்பிரிட்டை எடுத்துக்கொண்டு, எங்கேயாவது ஓட்டை இருந்தால் ஸ்பிரிட்டை உறிஞ்சி முள் குதிக்கும் என்று, இணைப்பு இணைப்பாக ஒரு துளி விட்டு மானியைப் பார்த்தார். முள் குதிக்கவில்லை. எல்லா இணைப்பும் முடிந்தது. மாடியில் மொளகூட்டல் வாசனையும் கீழே ஸ்பிரிட் வாசனையுமாக வீடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மத்தியானம் அவர் கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பம்பை நிறுத்தத் தோன்றவில்லை. மேலே வந்து, சேவியரைக் கூப்பிடம்மா என்று மகளிடம் சொன்னார்.

ஸுப்ரியா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். ஜெயித்தது அவள் கட்சிதான். ஆனாலும் அவள் போனில் பேசின குரல் சாவு வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிற குரலாக இருந்தது.

இலை போட்டு அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். ஸ்வர்ணலதா பரிமாறிக்கொண்டே, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று, என்னதான் ஆச்சு என்று கேட்டாள்.

"வெளிலேர்ந்து காத்து ஒரு பொட்டு உள்ளே போகலை, அது நிச்சயம்" என்றார் சங்கர்ராம். "உள்ளேர்ந்துதான் என்னமோ விட்டுண்டே இருக்கு. ஈரமா ஒரு துளி இருந்தாப் போறும் ஸ்வர்ணம், அது பாட்டுக்கு ஆவியாயிண்டே இருக்கும், முள்ளு எறங்கவே எறங்காது. பக்ஷே உள்ளே என்ன இருக்கப்போறது, நான்தானே தொடச்சேன்? பம்புதான் போயிடுத்தாக்கும். அந்தப் பம்பு இனி கிடைக்காது."

ஸ்வர்ணலதாவின் கையில் ஓலன் கரண்டி அப்படியே நின்றது.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்தான், அந்த ஏழாவது மாடி அவள் கண் முன்னால் வந்தது. பால்கனி, கிழக்கே திறந்த ஜன்னல், தண்ணீர் ஏறாத வாசல். சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. இன்னும் ஒரு நாழிகையில் லாரி வரும், சந்தனத்தோடும் துளசியோடும் அது சேவியரின் யார்டுக்குப் போகும், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஓலனை அவர் இலையில் விட்டாள். அவர் பிசைந்தார். உப்பு இருக்கிறதா இல்லையா என்று அந்த நாக்குக்குத் தெரிந்திருக்காது.

"ஏழாவது மாடின்னா காத்து நன்னா வருமோன்னோ" என்று சங்கர்ராம் தொடங்கினார். குரலை வலுக்கட்டாயமாகச் சந்தோஷப்படுத்திக்கொண்டிருந்தார். "நீ சொன்னது சரிதான் கேட்டியா. உனக்கு முட்டுவலி. இங்கே படி ஏறி எறங்கறது கஷ்டம். பால்கனிலே ரெண்டு தொட்டி வெச்சுத் தரேன், துளசி நட்டுக்கலாம். நேக்கும் செத்த நடக்க எடம் இருக்கு அங்கே."

அவளால் தாங்க முடியவில்லை. அவர் அழுதிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பாள். தோற்றுப்போன கையாலேயே அவளுக்குத் துளசித் தொட்டி வைத்துக்கொண்டிருக்கிறார் இந்த மனிதர்.

"ஏன்னா" என்றாள். "சந்தனம் ஈரந்தானே?"

"எந்தச் சந்தனம்?"

"உள்ளே வெச்சது."

சங்கர்ராம் உருட்டின கவளத்தை இலையிலேயே வைத்தார். "உள்ளேன்னா?"

"பின்னாடிச் சொவத்துலே. நீங்க குளிக்கப் போனேளே, அப்போ. கெட்டியாத்தான் வெச்சேன், ஒழுகாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, "ஒரு துளசியும் இருக்கு" என்றாள்.

ஸுப்ரியா வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தாள். சங்கர்ராமின் தோள் முதலில் குலுங்கியது. கோபம் என்றுதான் ஸ்வர்ணலதா நினைத்தாள். பிறகு பார்த்தால் மனிதர் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, இருமல் வர, தலையில் தட்டிக்கொண்டு சிரிக்கிறார். பம்பு போகலை, பம்பு போகலை என்று அதையே சொல்லிக்கொண்டு எச்சில் கையோடு எழுந்து நின்றார். பாயசம் இன்னும் பரிமாறவில்லை என்று அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"அம்மா, நீ மிண்டாம வாயை மூடிண்டு இருந்திருக்கலாமே" என்று ஸுப்ரியா மெதுவாகச் சொன்னாள்.

"இருந்திருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டாள் ஸ்வர்ணலதா.

கீழே பம்பை நிறுத்தி, எஃகு அறையின் கதவைத் திறந்து டார்ச் அடித்து, பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் ஒரு சின்னக் கண்ணாடியைச் சங்கர்ராம் உள்ளே விட்டார். பின்சுவரில் பொட்டு ஜம்மென்று இருந்தது. ஓரம் காய்ந்து வெடித்திருந்தது, நடு இன்னும் ஈரம். துளசி சுருண்டு கருத்திருந்தது. அவர் பொருள் வைக்கிற மேடையை வெளியே எடுத்துவிட்டுக் கையை விட்டுப் பார்த்தார், முழங்கையோடு நின்றது. வைத்த கைதான் எடுக்க வேண்டும் என்றார். ஸ்வர்ணலதாவுக்குக் கையுறை மாட்டிவிட்டார். மூன்று வருஷத்தில் அவளை அவர் மிஷினுக்குள் கைவிடச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துடைத்தாள். துடைத்த பஞ்சைக் கீழே போடாமல் வாழையிலைத் துண்டில் வாங்கி வைத்தாள், எப்படியானாலும் பிரசாதம். மகள் டார்ச் பிடித்தாள். இன்னும் இடதுபக்கம், இன்னும் கொஞ்சம் மேலே என்று சங்கர்ராம் கண்ணாடியில் பார்த்துச் சொல்லச் சொல்ல, கடைசிப் பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது.

மேடையைப் பழையபடி உள்ளே வைத்து, கதவை மூடிப் பம்பைத் திரும்ப ஓட்டினபோது துலாவர்ஷம் இருட்டிக்கொண்டு வந்தது. அதே சமயம் சேவியரின் லாரியும் வந்தது, இரண்டு ஆளோடும் இரும்புச் சங்கிலியோடும். தூத்துக்குடியிலிருந்து வந்து இந்த ஊரில் தலை நரைத்தவர் சேவியர். உள்ளே வந்தவரை முக்காலியில் உட்கார வைத்து ஸ்வர்ணலதா பால் பாயசம் கொடுத்தாள். எடுக்க வந்த இடத்தில் பாயசம் எதுக்கு என்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் குடித்தார். இடி இடித்தது, கரண்டு ஒரு முறை கண்ணடித்தது, இன்வெர்ட்டர் முனகிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

முள் இறங்கியது. காலையில் உட்கார்ந்த அதே இடத்துக்கு வந்து நின்றது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் இன்னும் கொஞ்சம் இறங்கியது, இன்னும் கொஞ்சம். ஸுப்ரியா தன் கட்சியை மறந்து, எறங்கறது அப்பா, எறங்கறது என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முள் பச்சைக் கோட்டுக்குள் போய் படுத்தது.

சங்கர்ராம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஸ்விட்ச் ஒவ்வொன்றாகப் போட்டார். திரையில் சாம்பல் நிறத்தில் மழை பெய்தது. அவர் ஒரு குமிழைத் திருகினார், இன்னொன்றைத் திருகினார். மழைக்குள்ளே என்னவோ மேடு தட்டியது. காடு மாதிரி மயிர் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு பெரிய உருண்டை, உருண்டை முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள், ஒன்றையொன்று ஒட்டி, வரிசை பிசகாமல்.

"என்னது சார் இது?" என்றார் சேவியர்.

"கொசு. அதோட கண்ணு."

"நம்ம ஊர் கொசுவா?"

"இந்த ரூம்லதான் பிடிச்சேன். காலேஜ் லேப்ல குடுத்துத் தங்கம் பூசி வாங்கிண்டு வந்தேன். இல்லாட்டா படம் நன்னா விழாது."

கொசுவுக்குத் தங்கம் பூசின செய்தியை ஸ்வர்ணலதா வேறொரு நாள் விசாரித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள். அவளால் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பிறந்தது முதல் அடித்துக் கொன்ற ஜந்து. கொச்சியில் பிறந்த ஒருத்தரும் அதைக் கையோங்காமல் பார்த்தது கிடையாது. இவ்வளவு வேலைப்பாடா இதற்கு? எத்தனை பொறுமையாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சங்கர்ராம் எழுந்து அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு குமிழில் அவள் விரலை வைத்து, மெள்ளத் திருப்பு என்றார். திருப்பினாள். கலங்கியது. மறுபக்கம் திருப்பினாள். ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாக, பனித்துளிபோலத் தெளிந்து எழுந்தது. இதைத் தெளிய வைத்தது தன் விரல் என்று தெரிந்தபோது குமிழை விட மனசு வரவில்லை அவளுக்கு.

லாரியின் ஆட்கள் இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். எதிர்க்கடை மிளகு வியாபாரி குடையோடு வந்து பார்த்துவிட்டு, இதுதானா இத்தனை காலம் என்னைக் கடித்தது என்று கேட்டுவிட்டு, யாரையெல்லாமோ கூட்டிவரப் போனார். சங்கர்ராம் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார். மத்தியானம் அடங்கிப்போன முகத்தில் இத்தனை ஒளி எங்கிருந்து வந்தது என்று ஸுப்ரியா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"ஃபிளாட்காராளுக்கு நான் என்ன சொல்றது அம்மா?"

சங்கர்ராம் இதைக் கேட்டுவிட்டார். விளக்கிக்கொண்டிருந்த வாய் நின்றது. அவர் ஸ்வர்ணலதாவைப் பார்த்தார். நீ என்ன சொன்னாலும் சரி என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. மழை விட்டிருந்தது. சேவியர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். எடுக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை சொன்னால் தன் ஆட்களை அனுப்பிவிடலாம், வண்டி வெறும் வண்டியாகத் திரும்பினாலும் பரவாயில்லை, இந்தக் கண்ணைப் பார்த்ததே போதும் என்றார்.

"வெறுதே எதுக்குப் போகணும்?" என்றாள் ஸ்வர்ணலதா, திரையைப் பார்த்தபடியே. "இடக்கொச்சிக்கு ஒரு நடை அடிச்சுடுங்கோ. வெங்கிட்டுக்கு நான் விளிச்சுச் சொல்றேன், ஷெட்டைக் கழுவி வெப்பான்."

"எதை மொதல்ல ஏத்தட்டும் மாமி?"

"கட்டில், பீரோ, பாத்திரம், எது கைக்குக் கிட்டறதோ அதை ஏத்துங்கோ. ஸுப்ரியா காட்டித் தருவள்." அவள் குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினாள். "என்னை மாத்திரம் எழுந்துக்கச் சொல்லாதேங்கோ."